முகாமுக்கான சோலார் பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும்: அளவு பொருத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலிருந்து உலு லங்காட், ஜண்டா பைக், கோல குபு பாரு பக்கம் வார இறுதியில் குடும்பத்தோடு கூடாரம் போடச் செல்லும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அநேகமாக எல்லாரும் "200 வாட் பேனல் வாங்கிவிட்டேன், இதற்கு எந்த கன்ட்ரோலர் போடுவது?" என்றுதான் தொடங்குகிறார்கள். வாட் என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு அதற்கு விடை சொல்ல முடியாது. பேனலின் வோல்ட், பேனலின் ஆம்பியர், பேட்டரியின் கொள்ளளவு ஆகிய மூன்றும் தெரிந்தால்தான், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்க முடியும். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் 12 வோல்ட் பேட்டரிக்கு உரியவை.

கன்ட்ரோலர் இல்லாமல் பேனலை நேராகப் பேட்டரியில் இணைத்தால் என்ன ஆகும்?

12 வோல்ட் பேனல் என்று கடையில் விற்கப்படுவது உண்மையில் 12 வோல்ட் தருவதில்லை. 36 செல்கள் கொண்ட அத்தகைய பேனல் நல்ல வெயிலில் ஏறத்தாழ 18 வோல்ட்டில் வேலை செய்கிறது. எதனோடும் இணைக்கப்படாமல் இருக்கும்போது 22 வோல்ட் வரை காட்டும். ஈய அமில பேட்டரியை 14.4 முதல் 14.7 வோல்ட்டுக்கு மேலும், லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 14.6 வோல்ட்டுக்கு மேலும் ஏற்றக் கூடாது. அந்த அளவு வந்ததும் நிறுத்த ஆள் இல்லையென்றால் ஈய அமில பேட்டரி கொதித்து நீர் வற்றிப்போகும். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது ஆபத்து நேரத்துக்கென்று வைக்கப்பட்டது. தினமும் அதன் தயவில் மின்னேற்றுவது சரியல்ல.

பேனலின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

நான்கு எண்கள் இருக்கும். வி.ஓ.சி. என்பது திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது எதையும் இணைக்காதபோது பேனல் காட்டும் அதிகபட்ச வோல்ட். ஐ.எஸ்.சி. என்பது இரு முனைகளையும் சேர்த்தால் பாயும் அதிகபட்ச ஆம்பியர். வி.எம்.பி., ஐ.எம்.பி. ஆகிய இரண்டும் பேனல் தன் முழுத் திறனைத் தரும்போது இருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும். இவ்விரண்டையும் பெருக்கினால் வருவதுதான் விளம்பரத்தில் உள்ள வாட். வழக்கமான 100 வாட் பேனலுக்கு இவை முறையே 22 வோல்ட், 6 ஆம்பியர், 18 வோல்ட், 5.5 ஆம்பியர் என்ற அளவில் இருக்கும். மடக்குப் பேனல்களில் இந்த எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதும் மாறுபடும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் 100 வாட் பேனலுக்குப் பொருந்திய கன்ட்ரோலர் உங்களுடைய 100 வாட் பேனலுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்த எண்கள் எல்லாம் ஆய்வுக்கூடத்தில், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியில், செல்லின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸாக இருக்கும்போது அளக்கப்பட்டவை. நம் ஊர் நண்பகல் வெயிலில் விரித்துவைத்த பேனலின் செல் 60 பாகையை எளிதாகத் தொடும். கையை வைத்துப் பாருங்கள், இரண்டு நொடிக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்தச் சூட்டில் 18 வோல்ட் 15.5 வோல்ட்டாகக் குறையும். 100 வாட் 86 வாட்டாகும். பேனல் பழுதாகிவிட்டது என்று கவலைப்படத் தேவையில்லை, அதன் இயல்பே அதுதான்.

கன்ட்ரோலரில் 75/15 என்று எழுதியிருக்கிறது. அதற்கு என்ன பொருள்?

விக்ட்ரான் நிறுவனத்தின் கன்ட்ரோலர்களில் இப்படி எழுதியிருக்கும். முதல் எண், பேனல் பக்கத்திலிருந்து வரக்கூடிய அதிகபட்ச வோல்ட். இரண்டாவது எண், பேட்டரிக்குள் அது செலுத்தும் அதிகபட்ச ஆம்பியர். ஆகவே 75/15 என்பது 75 வோல்ட் வரை தாங்கும், 15 ஆம்பியர் வரை தரும். அதன் விவரப் பக்கத்தில் 12 வோல்ட் பேட்டரிக்கு 220 வாட், 24 வோல்ட் பேட்டரிக்கு 440 வாட் என்று இருக்கும். பேட்டரியின் வோல்ட் இரட்டித்தால் அதே 15 ஆம்பியரில் இரு மடங்கு வாட்டைச் செலுத்தலாம் என்பதே இதன் காரணம். வேறு நிறுவனங்கள் பெட்டியின் முகப்பில் ஆம்பியரை மட்டும் பெரிதாக அச்சிட்டு, வோல்ட் எல்லையைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்காமல் வாங்க வேண்டாம்.

எத்தனை வாட் பேனல் வாங்குவது என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பேனலை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு யோசிப்பதைவிட, இரவில் எவற்றையெல்லாம் ஓட்டப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுதித் தொடங்குவதே முறை. நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 5 வாட் விளக்குகள் இரண்டு 5 மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி. 15 வாட் மின்விசிறிகள் இரண்டு இரவு முழுவதும், அதாவது 8 மணி நேரம் சுழன்றால் 240 வாட்-மணி. நான்கு கைப்பேசிகளுக்கு 60 வாட்-மணி. ஆக ஒரு நாளைக்கு 350 வாட்-மணி. கம்ப்ரசர் வைத்த 12 வோல்ட் குளிர்பெட்டியையும் கொண்டுபோனால், நம் வெப்பத்தில் அதற்கு ஏறக்குறைய 400 வாட்-மணி சேர்த்து, 750 என்று கொள்ளலாம்.

வெயில் பக்கத்துக் கணக்கு இதைவிட எளிது. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஒரு நாளில் கிடைக்கும் ஒளியை முழு வெயில் நேரமாக மாற்றினால் 4 முதல் 5 மணி நேரம்தான் தேறும். பகல் 12 மணி நேரம் இருந்தாலும் காலையின் சாய்வெயிலும் பிற்பகல் மேகமும் அதைக் குறைத்துவிடுகின்றன. 4 மணி நேரம் என்று வைத்து, சூடு, கம்பி, தூசு, பேட்டரி ஆகியவற்றில் போகும் இழப்புக்காக 0.65 ஆல் பெருக்கினால், 100 வாட் பேனல் ஒரு நாளில் 260 வாட்-மணி தரும். ஆக, தினமும் 750 வாட்-மணி செலவிட்டு அதைத் தினமும் ஈடுகட்ட வேண்டுமென்றால் 300 வாட் பேனல் தேவை. குளிர்பெட்டி இல்லையென்றால் 150 வாட் போதும்.

ஆனால் வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு ஞாயிறு நண்பகல் திரும்பும் குடும்பம் தினமும் ஈடுகட்ட வேண்டிய தேவையே இல்லை. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை வீட்டிலேயே முழுதாக மின்னேற்றிக் கொண்டுபோனால், அதில் 1280 வாட்-மணி இருக்கும். நம்பிப் பயன்படுத்தக்கூடியது 1150 என்று கொள்வோம். குளிர்பெட்டியோடு சேர்த்து அந்த இரண்டு இரவுக்கும் ஏறத்தாழ 1400 வாட்-மணி செலவாகிறது என்றால், குறைவது வெறும் 250. அதைச் சனிக்கிழமை ஒரு நாள் வெயிலில் 100 வாட் பேனலே ஈட்டித் தந்துவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் 400 வாட் பேனலைக் காரில் திணித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணத்தைப் பேட்டரியில் போட்டிருந்தால் மழை நாளிலும் மின்விசிறி ஓடியிருக்கும்.

சரி, பேனலின் வாட் தெரிந்துவிட்டது. கன்ட்ரோலர் எத்தனை ஆம்பியர்?

கன்ட்ரோலரில் இரண்டு வகை உண்டு. பேனலை அதன் முழுத் திறன் தரும் வோல்ட்டிலேயே ஓடவிட்டு, அதைப் பேட்டரிக்கேற்ற வோல்ட்டாக மாற்றித் தருவது எம்.பி.பி.டி. பேனலை நேராகப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச் போன்றது பி.டபிள்யூ.எம். எம்.பி.பி.டி. வகைக்கு, பேனலின் வாட்டைப் பேட்டரி வோல்ட்டால் வகுக்க வேண்டும். மின்னேறும் பேட்டரி 13 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருக்கும் என்பதால் 13 ஆல் வகுத்தால் போதும். 150 வாட்டுக்கு 11.5 ஆம்பியர் வருகிறது. 15 ஆம்பியர் கன்ட்ரோலர் தாராளம். 300 வாட்டுக்கு 23 வருகிறது. ஆனால் நம் சூட்டில் 300 வாட் பேனல் நடைமுறையில் 240 முதல் 260 வாட் தருவதே அதிகம் என்பதால் 20 ஆம்பியர் கன்ட்ரோலரே நிறைவாக வேலை செய்யும்.

பி.டபிள்யூ.எம். வகைக்குக் கணக்கு வேறு. பேனலின் ஐ.எஸ்.சி.யை எடுத்து 1.25 ஆல் பெருக்க வேண்டும். 100 வாட் பேனல்கள் இரண்டை இணையாக (நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை சேர்த்து) போட்டால் 12 ஆம்பியர், அதை 1.25 ஆல் பெருக்கினால் 15. கடையில் 10, 20, 30 என்றுதான் பெரும்பாலும் கிடைக்கும் என்பதால் 20 ஆம்பியர் வாங்குங்கள்.

கன்ட்ரோலர் தாங்கும் அளவைவிடப் பெரிய பேனலை இணைத்தால் எரிந்துவிடுமா?

எந்த அளவு மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. இந்தப் பக்கத்தில் ஒரு விடையை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வோல்ட் எல்லையை ஒருபோதும் மிஞ்சக் கூடாது. 50 வோல்ட் வரை என்று எழுதியுள்ள கன்ட்ரோலரில், 22 வோல்ட் பேனல்கள் மூன்றைத் தொடராக (ஒன்றின் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு சேர்த்து) இணைத்து 66 வோல்ட் கொடுத்தால், உள்ளே உள்ள குறைக்கடத்திகள் இணைத்த கணத்திலேயே பழுதாகும். புகையோ எச்சரிக்கையோ வரும்வரை காத்திருக்க வழியில்லை. மேகம் மூடியிருந்தாலும் தப்ப முடியாது, ஏனென்றால் வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும் பேனலின் திறந்த சுற்று வோல்ட் பெரிதாகக் குறைவதில்லை. உத்தரவாதமும் இதற்குப் பொருந்தாது.

ஆம்பியர் எல்லை அப்படிப்பட்டதல்ல, ஆனால் இது எம்.பி.பி.டி. வகைக்கு மட்டுமே பொருந்தும். பேனல் மின்னோட்டத்தைக் கன்ட்ரோலருக்குள் திணிப்பதில்லை. கன்ட்ரோலர் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் தருகிறது. 15 ஆம்பியர் கன்ட்ரோலரில் 300 வாட் பேனலை இணைத்தால், அது 15 ஆம்பியரோடு நின்றுகொண்டு மிச்சத்தை எடுக்காமல் விட்டுவிடும். உச்சி வெயிலில் கொஞ்சம் வீணாகும். மேகமூட்டமான காலையில் சிறிய பேனலைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். பிற்பகலில் இடியோடு மழை பெய்வது வழக்கமாகிவிட்ட ஏப்ரல், அக்டோபர் போன்ற மாதங்களில், கிடைக்கும் காலை வெளிச்சத்தை அள்ளிக்கொள்ள இது நல்ல வழி என்றே நான் கருதுகிறேன். ஒரே நிபந்தனை, கையேட்டில் பேனலுக்கென்று குறிப்பிட்டுள்ள அதிகபட்ச குறுக்குச் சுற்று ஆம்பியருக்குள் (ஐ.எஸ்.சி.) இருக்க வேண்டும்.

பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலருக்கு இந்தச் சலுகை கிடையாது. அது பேனலையும் பேட்டரியையும் நேராக இணைத்துத் துண்டிக்கும் ஒரு வேகமான சுவிட்ச் மட்டுமே. இணைந்திருக்கும் நேரத்தில் பேனலின் முழு மின்னோட்டமும் அதன் வழியாகவே பாயும். 10 ஆம்பியர் சுவிட்சில் 18 ஆம்பியர் பாய்ந்தால் சூடேறி உருகும்.

எம்.பி.பி.டி. வாங்கினால் 30 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?

குளிர் நாட்டில், வோல்ட் இறங்கிய பேட்டரியில், அந்த அளவுக்கு நெருக்கமாக வரலாம். நம் ஊரில் வராது. 100 வாட் பேனலின் செல் 60 பாகையில் இருக்கும்போது அது 15.5 வோல்ட்டில் 86 வாட் தருகிறது, எம்.பி.பி.டி. தன் சொந்த இழப்பு போக 82 வாட்டைப் பேட்டரிக்குக் கொடுக்கும். அதே பேனலை பி.டபிள்யூ.எம். பேட்டரியின் 13.3 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். ஆம்பியர் சற்றுக் கூடி 5.7 என்று வைத்தாலும் 76 வாட் கிடைக்கும். வேறுபாடு 8 விழுக்காடு அளவுதான். ஆகவே ஒரே ஒரு 100 வாட் பேனலோடு விளக்கும் விசிறியும் போதும் என்பவர்கள், தரமான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் வாங்குவதில் எந்தத் தாழ்வும் இல்லை.

பேனல் 200 வாட்டைத் தாண்டும்போதும், பேனல்களைத் தொடராக இணைக்கும்போதும், வி.எம்.பி. 20 வோல்ட்டுக்கு மேல் உள்ள பேனலைப் பயன்படுத்தும்போதும் எம்.பி.பி.டி. தேவை. நீண்ட கம்பி போடுகிறவர்களுக்கும் அது தேவைப்படும். சூட்டில் 15.5 ஆகக் குறைந்த வோல்ட்டில் கம்பி இன்னும் 1 அல்லது 2 வோல்ட்டைத் தின்றுவிட்டால், பேட்டரியை 14.4 வரை உயர்த்தப் போதிய வோல்ட் பி.டபிள்யூ.எம். கையில் இருக்காது, பேட்டரி முக்கால்வாசியைத் தாண்டியதும் மின்னேற்றம் சோர்ந்துபோகும்.

வாங்கியது உண்மையான எம்.பி.பி.டி. தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இணையக் கடை ஒன்றில் 45 வெள்ளிக்கு, "30 ஆம்பியர் எம்.பி.பி.டி." என்று பெரிதாக அச்சிட்ட நீலப் பெட்டி ஒன்றை நான் வாங்கியிருக்கிறேன். உலு லங்காட் ஆற்றங்கரையில், 100 வாட் பேனல்கள் இரண்டைத் தொடராக இணைத்து அதில் மாட்டினேன். பேட்டரிக்குள் 5 ஆம்பியருக்குச் சற்று மேல்தான் ஏறியது. 11 அல்லது 12 ஏறியிருக்க வேண்டும். மல்டிமீட்டரின் முனைகளை, மின்னேற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே, கன்ட்ரோலரின் பேனல் திருகுகள் இரண்டிலும் வைத்தேன். 13.4 என்று காட்டியது. பக்கத்துத் திருகுகளில், பேட்டரி முனையில், 13.3. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அது பேனலை நேராகப் பேட்டரியோடு இணைக்கும் வெறும் சுவிட்ச், அதாவது பி.டபிள்யூ.எம். உண்மையான எம்.பி.பி.டி.யாக இருந்திருந்தால் தொடராக உள்ள அந்தப் பேனல்களின் முனையில் 30 வோல்ட்டுக்கு மேல் நின்றிருக்கும்.

வாங்கிய அன்றே வீட்டு மாடியில் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். பேட்டரி முழுதாக இருக்கும்போது செய்யாதீர்கள். அப்போது எந்த வகையும் பேனலை விலக்கிவைக்கும் என்பதால் அளவு குழப்பும். தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்: எம்.பி.பி.டி.க்குள் தாமிரக் கம்பி சுற்றிய சுருளும் பின்புறத்தில் கனமான அலுமினியத் தகடும் இருக்கும். கைப்பேசி எடையில் 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. இருக்க முடியாது. புடுவில் ஜாலான் பசார் மின்னணுக் கடைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதில் இந்த ஒரு நன்மை உண்டு.

மடக்குப் பேனலில் 200 வாட் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

அளவுகோலை எடுத்துச் செல்கள் இருக்கும் பரப்பை மட்டும் அளந்து பாருங்கள். நல்ல செல்கள்கூட விழும் ஒளியில் 22 விழுக்காட்டு அளவைத்தான் மின்சாரமாக்குகின்றன. சதுர மீட்டருக்கு 1000 வாட் என்றால், 1 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள பரப்பு 110 வாட்டுக்கு மேல் தர வழியில்லை. அந்த அளவுப் பேனலில் 200 என்று எழுதியிருந்தால் எழுத்து பொய்; அதை வைத்துக் கன்ட்ரோலர் கணக்குப் போடாதீர்கள்.

இரண்டு பேனல்களைத் தொடராக இணைப்பதா, இணையாக இணைப்பதா?

100 வாட் பேனல்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் வோல்ட் கூடி 44 ஆகும், ஆம்பியர் 5.5 ஆகவே இருக்கும். இணையாக இணைத்தால் வோல்ட் 22 ஆகவே இருக்க, ஆம்பியர் 11 ஆகும். 12 வோல்ட் பேட்டரிக்கு பி.டபிள்யூ.எம். பயன்படுத்துகிறவர்களுக்குத் தேர்வே இல்லை. இணையாகத்தான் இணைக்க வேண்டும்.

எம்.பி.பி.டி. உள்ளவர்கள் முகாம் போடும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். திறந்த வெளி, கூடாரத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி வெயில் என்றால் தொடர் இணைப்பே மேல். 4 சதுர மில்லிமீட்டர் கம்பி 10 மீட்டர் போய் 10 மீட்டர் திரும்பும்போது அதன் மின்தடை 0.1 ஓம் அளவு இருக்கும். 11 ஆம்பியரில் அது 12 வாட்டைத் தின்னும், 5.5 ஆம்பியரில் 3 வாட்டோடு நின்றுவிடும்.

ஆனால் ஜண்டா பைக் போன்ற இடங்களில், ஆற்றோரம் மரங்கள் சூழ்ந்திருக்க, நிழல் ஒரு பேனலிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். தொடரில் ஒரு பேனலின் செல்களில் நிழல் விழுந்தால், அது மற்றப் பேனலின் மின்னோட்டத்தையும் இழுத்துப்பிடிக்கும். உள்ளிருக்கும் டையோடு மாற்றுவழி விட்டாலும் கன்ட்ரோலர் சரியான புள்ளியைத் தேடி அலையும். இணையாக இருந்தால் நிழலில் உள்ளது தன் பங்கை மட்டும் இழக்கும். காட்டு முகாமுக்கு இணை இணைப்பையே நான் விரும்புகிறேன், தடித்த கம்பி வாங்க வேண்டியிருந்தாலும் கூட.

இரண்டுக்கு மேல் தொடராக இணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று பேனல்கள் 66 வோல்ட், நான்கு பேனல்கள் 88 வோல்ட். ஈரத் தரையும் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளும் உள்ள இடத்தில் 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டத்தைக் கொண்டுவரக் கூடாது.

வெளிநாட்டுக் கையேடுகளில் குளிருக்காக வோல்ட்டில் இடைவெளி விடச் சொல்கிறார்கள். நமக்கும் தேவையா?

குளிரக் குளிரப் பேனலின் வோல்ட் கூடும். பாகைக்கு ஏறத்தாழ 0.3 விழுக்காடு. உறைநிலைக்குக் கீழே 20 பாகையில் பனியில் முகாம் போடுகிறவருக்கு அது 13 விழுக்காட்டைத் தாண்டும், அதனால்தான் அவர்கள் 20 விழுக்காடு இடைவெளி கேட்கிறார்கள். நாம் போகும் இடங்களில் மிகக் குளிர்ந்தவற்றுள் ஒன்றான கேமரன் மலையில், விடியற்காலை 15 பாகை என்று வைத்தாலும், கூடுவது 3 விழுக்காடு. 44 வோல்ட் 45.3 ஆகும். 10 விழுக்காடு இடைவெளி நமக்குப் போதும். நம் கவலை சூடுதான். கன்ட்ரோலர்களில் பல 40 பாகைக்கு மேல் தங்கள் ஆம்பியரைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றை 45 பாகைக்கு மேல் மின்னேற்றக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் இரண்டையும் பூட்டிவைத்துவிட்டு, பேனல் மட்டும் நன்றாக வெயில் படும்படி விரித்துவைப்பது பலர் செய்யும் தவறு. பேனல் வெயிலில், கன்ட்ரோலரும் பேட்டரியும் நிழலில், காற்றோட்டத்தில் இருக்க வேண்டும்.

வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய 330 வாட் பேனலை மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

எம்.பி.பி.டி. இருந்தால் வாங்கலாம். அந்தப் பேனல்கள் 60 செல்கள் கொண்டவை, வி.ஓ.சி. 40 வோல்ட் அளவிலும், ஆம்பியர் 10 அளவிலும் இருக்கும். பி.டபிள்யூ.எம்.மில் இணைத்தால் 10 ஆம்பியரைப் பேட்டரியின் 13.3 வோல்ட்டால் பெருக்கி வரும் 133 வாட்தான் கிடைக்கும்; மீதி போய்விட்டது. சிறிய கன்ட்ரோலர்களில் சிலவற்றின் எல்லை 25 வோல்ட்தான் என்பதால் கருவியே போய்விடவும் கூடும். எடையையும் மறக்க வேண்டாம்: ஏறத்தாழ 1.7 மீட்டர் நீளம், 18 கிலோவுக்கு மேல், மேலே கண்ணாடி. மைவி போன்ற சிறிய காரில் ஏற்றிக்கொண்டு போகும் பொருள் அல்ல அது.

பேட்டரி சிறியது, பேனல் பெரியது என்றால்?

கன்ட்ரோலர் தாங்கும், பேட்டரி தாங்காது. ஈய அமில வகைக்கு, கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆம்பியர் ஏற்றாமல் இருப்பது நல்லது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்குப் பாதி. 20 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரிக்கு 4 ஆம்பியர்தான் முறை. அதற்கு 200 வாட் பேனலும் 15 ஆம்பியர் கன்ட்ரோலரும் போட்டால் பேட்டரியின் ஆயுள் குறையும். சில கன்ட்ரோலர்களில் ஆம்பியர் வரம்பைக் கைப்பேசிச் செயலி வழியாகக் குறைத்துவைக்கலாம். அந்த வசதி இல்லாதபோது பேனலைச் சிறிதாக்குங்கள்.

பவர் ஸ்டேஷன் (பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் உள்ள கருவி) வைத்திருக்கிறேன். தனியாகக் கன்ட்ரோலர் வேண்டுமா?

வேண்டாம், அது உள்ளேயே இருக்கிறது. ஆனால் வோல்ட் எல்லை அங்கேயும் உண்டு. சிறிய பவர் ஸ்டேஷன்கள் பலவற்றில் அது 28 அல்லது 30 வோல்ட்தான். 22 வோல்ட் பேனல்கள் இரண்டைத் தொடராக இணைத்துக் கொடுத்தால் உள் கன்ட்ரோலர் பழுதாகும். இணையாக மட்டுமே இணையுங்கள்.

ஃபியூஸ் எங்கே, எவ்வளவு?

பேட்டரியின் நேர்முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். கன்ட்ரோலரின் ஆம்பியரை 1.25 ஆல் பெருக்கி அடுத்த அளவை எடுங்கள். 15 ஆம்பியருக்கு 20. கம்பி அந்த ஃபியூஸைவிடக் கூடுதலாகத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பேனல்களை இணையாகப் போடுகிறவர்கள் ஒவ்வொரு பேனலுக்கும் தனி ஃபியூஸ் வைக்க வேண்டும்.

கன்ட்ரோலரில் லோட் என்று இரண்டு முனைகள் உள்ளன. அதில் இன்வெர்ட்டரை மாட்டிச் சோறு வடிக்கலாமா?

கூடாது. 300 வாட் இன்வெர்ட்டரே முழு வேகத்தில் 28 ஆம்பியர் இழுக்கும். லோட் முனைகள் விளக்குக்கும் விசிறிக்கும் உரியவை. இன்வெர்ட்டரை ஃபியூஸோடு நேராகப் பேட்டரியில் இணைக்க வேண்டும். சோற்றுக்கு எரிவாயு அடுப்பே சிறந்தது.

பேனலை எந்தத் திசையில், எந்த நேரத்தில் வைப்பது?

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகை வடக்கே இருப்பதால், சூரியன் ஆண்டில் சில மாதங்கள் நமக்கு வடக்கிலும் சில மாதங்கள் தெற்கிலும் செல்கிறது. ஏறத்தாழப் படுக்கையாக, மழைநீர் வழியுமளவுக்குச் சற்றே சாய்த்துவைத்தால் போதும். நேரத்தைப் பொறுத்தவரை, 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டுவிட்டதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1.15 மணியளவில். ஆகவே மரநிழல் இல்லாத இடத்தைத் தேடும்போது காலை 10.30 முதல் மாலை 4 மணி வரை அந்த இடத்தில் வெயில் நிற்குமா என்று பாருங்கள்.

இணைக்கும்போது எதை முதலில் இணைப்பது?

பேட்டரியை முதலில். கன்ட்ரோலர் பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துத்தான் இது 12 வோல்ட் அமைப்பா 24 வோல்ட் அமைப்பா என்று தெரிந்துகொள்கிறது; பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் சில கருவிகள் பழுதாகும். பிறகு பேட்டரி வகையைத் தேர்ந்தெடுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 14.2 முதல் 14.4 வோல்ட் வைத்து, ஈய அமில பேட்டரிக்கான சமப்படுத்தும் மின்னேற்றம் (வழக்கத்தைவிட உயர்ந்த வோல்ட்டில் ஏற்றுவது) அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பின்னரே பேனல். கழற்றும்போது பேனலை முதலில் கழற்றி, பேட்டரியைக் கடைசியில் கழற்றுங்கள். இடிமழை கறுத்துக்கொண்டு வரும்போது அவசரத்தில் இந்த வரிசை மாறிவிடுகிறது என்பதால், கன்ட்ரோலரின் மூடியில் 1, 2 என்று எண் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். பேனலின் கம்பியில் ஒரு சிவப்புத் துணி முடிச்சும் உண்டு. மழைத்துளி விழத் தொடங்கியதும் வீட்டில் யாராக இருந்தாலும் அந்த முடிச்சுள்ள இணைப்பைத்தான் முதலில் பிரிக்கிறார்கள்.